திங்கட்கிழமைப் பூஜ்ஜியங்கள்

நோய்க் கண்காணிப்பு மென்பொருளைச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சில வருடங்கள் என் பிழைப்பாக இருந்தது. முப்பத்துச் சொச்சம் சுகாதார நிலையங்கள் என் பொறுப்பில். ஒவ்வொன்றிலும் ஒரு நர்ஸோ, ஒரு லேப் டெக்னீஷியனோ, பெரும்பாலும் இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே ஆளோ, வாரம் ஒருமுறை உட்கார்ந்து அந்த வாரம் எத்தனை காய்ச்சல், எத்தனை வயிற்றுப்போக்கு, எத்தனை மஞ்சள்காமாலை, எத்தனை நாய்க்கடி என்று கணினியில் ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை மதியத்துக்குள் வந்துவிட்டால் என் திரையில் அந்த நிலையத்தின் பெயர் பச்சையாகும். வராவிட்டால் சிவப்பு.

முதல் வருடம் திரையைத் திறக்கவே பயமாக இருக்கும், அவ்வளவு சிவப்பு. போன் போட்டுக் கெஞ்சினேன், அதட்டினேன், வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு மானத்தை வாங்கினேன். இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு திங்களன்று எல்லாமே பச்சை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினேன். அவர் தன்னுடைய மேலதிகாரிக்கு அனுப்பினார். அடுத்த கூட்டத்தில் ‘பணியாளர் ஏற்பு 100 சதவீதம்’ என்று ஒரு ஸ்லைடு, கீழே சின்ன எழுத்தில் என் பெயர். கைதட்டினார்கள்.

அந்த ஸ்லைடு பொய். அது எனக்குத் தெரியவர ஐந்து மாதம் ஆனது.

தெரியவந்த விதமும் அற்பமானதுதான். வேறெதையோ தேடிக்கொண்டிருந்தபோது, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்குச் சமர்ப்பித்தார் என்ற பட்டியல் கண்ணில்பட்டது. ஒரு நிலையம் திங்கள் காலை 9.10க்கு உள்ளே வந்து 9.11க்கு வெளியே போயிருந்தது. படிவத்தில் 22 கட்டங்கள். ஒரே நிமிடம். முந்தைய வாரமும் அப்படித்தான். இன்னும் பின்னால் போனேன். 14 வாரங்கள், ஏறக்குறைய அதே நேரம், காய்ச்சலுக்கு மட்டும் ஏதோ ஓர் எண், மற்ற 21 கட்டங்களிலும் பூஜ்ஜியம். பக்கத்து நிலையத்தைப் பார்த்தேன், அதே கதை. அதற்கும் பக்கத்தில் காய்ச்சலும் பூஜ்ஜியம். ஒரு வாரம் முழுக்க ஒருத்தருக்குக்கூட உடம்பு சுடாத ஊர் ஒன்று இருக்குமானால் அங்கே குடிபோய்விடலாம் என்று தோன்றியது.

பணியாளர்கள் சோம்பேறிகள் என்று முடிவுகட்டுவது சுலபம். ஒரு நாள் முழுக்க நானும் அந்த முடிவில்தான் இருந்தேன். மறுநாள் 9.10 நிலையத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன்.

அங்கே இருந்த சிஸ்டருக்கு ஓய்வுபெற நான்கைந்து வருடம் இருக்கலாம். நான் போன நேரம் வரிசையில் முப்பது பேர். ஊசி போட்டுக்கொண்டே, ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டே, “உக்காருங்க சார், அஞ்சே நிமிஷம்” என்றார். ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் அவர் எத்தனை இடத்தில் எழுதினார் என்று சும்மா எண்ணினேன். ஓபி ரெஜிஸ்டர், ஊசி ரெஜிஸ்டர், மருந்து இருப்பு, தடுப்பூசி அட்டை, அந்த அட்டைக்கு ஒரு ரெஜிஸ்டர், கர்ப்பிணிகளுக்குத் தனி, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குத் தனி. இதில் பாதியை மாலையில் உட்கார்ந்து வேறு இரண்டு செயலிகளில் திரும்பவும் ஏற்ற வேண்டும். அந்தக் குருவி தலையில் என்னுடைய பனங்காயும் ஒன்று.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீளநோட்டை எடுத்துப் போட்டார். வாரத்துக்கு ஒரு பக்கம். நோயின் பெயர், எதிரே நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் தெருப்பெயர்கள், சில இடத்தில் வீட்டு அடையாளம்கூட. என் படிவம் பூஜ்ஜியம் என்று சொன்ன ஒரு வாரத்தில் அந்த நோட்டில் மூன்று காமாலை இருந்தது. மூன்றும் ஒரே தெரு. பக்கத்தில் பென்சிலால் ‘தொட்டி?’ என்று ஒரு சொல்.

“இது என்ன சிஸ்டர், இதை ஏன் ஏத்தலை?”

“போன வருஷம் ஏத்தினேன் சார். அப்பவும் மூணுதான். மறுநாளே மேலேருந்து போன். ஏன் மூணு, எப்படி மூணு, தண்ணியில குளோரின் பாத்தீங்களா, பாக்கலையா, விளக்கம் எழுதிக் குடுங்க. நாலு நாள் அதுக்கே போச்சு. மூணு பேருகிட்டயும் ரத்தம் எடுத்து அனுப்பினேன். அது என்னாச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லலை.” ஒரு சிரிஞ்சை உறையிலிருந்து பிரித்தபடியே சொன்னார்: “ஜீரோ போட்டா போன் வராது சார்.”

இந்தத் துறையைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஒரு தட்டில், அந்த ஒரு வாக்கியம் ஒரு தட்டில்.

படித்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு புதுத் தொழில்நுட்பத்தை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஏற்பதில்லை என்பதற்கு 1989ல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் ஒரு மாதிரியைக் கொடுத்தார். இரண்டே கேள்விகள். இது எனக்குப் பயன்படும் என்று நினைக்கிறேனா? இது சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேனா? 2003ல் வெங்கடேஷும் சகாக்களும் (டேவிஸும் அதில் ஒருவர்) இதோடு வேறு பல மாதிரிகளையும் சேர்த்துப் பிசைந்து, சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கு, கருவி முதல் உதவி வரை கைக்கு எட்டுகிற வசதிகள் என்று விரித்தார்கள். மருத்துவப் பணியாளர்கள் ஒரு மென்பொருளை ஏன் ஏற்கவில்லை என்று ஆராயும் கட்டுரைகளில் எதை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்று கண்ணில்படும். கேள்வித்தாள் கொடுத்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வாங்கி, கடைசியில் ‘கூடுதல் பயிற்சி தேவை’ என்று முடிப்பார்கள். எனக்குச் சம்பளம் கொடுத்த வாக்கியம் அது, குறை சொல்லக்கூடாது.

ஆனால் டேவிஸ் தன் மாதிரியை எங்கே சோதித்தார் என்று பார்த்தால் விஷயம் புரியும். முதல் ஆய்வு கனடாவில் ஐபிஎம்மின் ஓர் ஆய்வகத்தில், மின்னஞ்சலும் கோப்பு எடிட்டரும் பயன்படுத்தும் ஊழியர்களிடம் நடந்தது. மின்னஞ்சல் அனுப்புகிறவருக்குப் பதில் வரும். கோப்பைத் திருத்துகிறவருக்குத் திருத்திய கோப்பு கிடைக்கும். உழைப்பவரும் பலன் பெறுபவரும் ஒரே ஆள். நோய்க் கண்காணிப்பில் அப்படியா? ஏற்றுகிறவர் ஓர் இடம், பார்க்கிறவர் ஓர் இடம், பலன் (வந்தால்) இன்னோர் இடம். ‘இது உங்களுக்குப் பயன்படுகிறதா’ என்று அந்த சிஸ்டரிடம் கேட்டால் அவர் எந்த ‘உங்களுக்கு’ என்று எடுத்துக்கொள்வார்? என்னுடைய பயிற்சி வகுப்பில் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் படிவம் கொடுத்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

பூஜ்ஜியத்துக்கு வருகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் அதற்கு ‘நில் ரிப்போர்ட்’ என்று பெயர். வெற்றுக் கட்டம் என்றால் அந்த வாரம் அங்கே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பூஜ்ஜியம் என்றால் ஒருவர் தேடிப் பார்த்திருக்கிறார், யாரும் இல்லை. காகிதத்தில் இந்த வித்தியாசம் ஒரு சுழி. களத்தில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதனால்தான் வெற்றாக விடாதே, யாரும் இல்லையென்றால் பூஜ்ஜியம் போடு என்று விதி வைத்தார்கள். நல்ல விதிதான். நாங்கள் அதை ‘பூஜ்ஜியம் போட்டால் பச்சை’ என்று ஆக்கினோம். தேடிப் பார்த்ததற்கான அத்தாட்சியாக இருந்த எண், தேடாமல் தப்பிப்பதற்கான சாவியாகிவிட்டது.

இதை முன்கூட்டியே யோசித்து ஒரு மாற்று கண்டவர்கள் போலியோ ஒழிப்புக்காரர்கள்தான் என்பது என் கட்சி. அவர்கள் பணியாளர்களிடம் ‘போலியோவைக் கண்டால் சொல்லுங்கள்’ என்று கேட்கவில்லை. 15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கையோ காலோ துவண்டுபோனால், காரணம் எதுவானாலும், சொல்லுங்கள் என்றார்கள். 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள். அவற்றில் வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பது ஆய்வகத்தின் கவலை. இதுவரைக்கும் சாதாரணம். அடுத்தது கெட்டிக்காரத்தனம். போலியோவே இல்லாத ஊரிலும் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் போன்ற வேறு காரணங்களால் சில குழந்தைகளுக்கு இப்படி வரும். அது இயற்கையான விகிதம். ஆகவே 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு வருடத்துக்குக் குறைந்தது ஒரு போலியோ அல்லாத தளர்வாதமாவது பதிவாக வேண்டும், போலியோ புழங்கும் நாடுகளில் இரண்டு என்று அளவுகோல் வைத்தார்கள். அதற்குக் கீழே இறங்கினால் அந்த மாவட்டம் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருளில்லை, அங்கே யாரும் பார்க்கவில்லை என்று பொருள். போன் வரும். ஆனால் என் சிஸ்டருக்கு வந்த போனுக்கு நேர் எதிரான போன்: ‘ஏன் மூணு?’ இல்லை, ‘ஏன் ஒண்ணுகூட இல்லை?’

இதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம். ‘இல்லை’ என்று சொல்வதில் இருந்த சுகத்தையே பிடுங்கிவிட்டார்கள். போலியோவில்லாத குழந்தையைச் சொன்ன நர்ஸ் தப்பு செய்தவர் இல்லை, அளவுகோலை நிறைவேற்றியவர். எல்லா நோய்க்கும் இது பொருந்தாது என்று தெரியும். காமாலைக்கு இயற்கையான விகிதம் என்று ஒன்றை எப்படி நிர்ணயிப்பது? ஆனாலும் மனோபாவத்தைக் கடன் வாங்கலாமே.

கட்டாயக் கட்டங்கள் என்ற இன்னொரு கூத்து இருக்கிறது. படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. மென்பொருள் எழுதுபவருக்கு அது தரக் கட்டுப்பாடு. களத்தில் என்ன நடக்கும்? கைபேசி எண் கட்டாயம் என்றால் 9999999999 வரும். பிறந்த தேதி கட்டாயம் என்றால் ஊரில் பாதிப் பேர் ஜனவரி 1ம் தேதி பிறந்திருப்பார்கள். வயது கேட்டால் 30, 35, 40, 45 என்று படிக்கட்டு மாதிரி ஏறும், 37 வயதுக்காரர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அறிகுறிப் பட்டியலில் முதலில் இருப்பது எதுவோ அதுவே அந்த ஊரின் முதன்மை நோயாகிவிடும். ஒருமுறை எங்கள் பட்டியலை யாரோ அகர வரிசைப்படுத்தினார்கள். அந்த மாதம் ‘அம்மை’ கொஞ்சம் எகிறியது. கொள்ளைநோய் என்று பதறிப் போய்ப் பார்த்தால், கீழே உருட்டிப் பார்க்கச் சோம்பல்.

தப்பு ஏற்றுகிறவர்களிடம் மட்டுமே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் நோயாளிகள் சில நாட்கள் கணக்கிலிருந்தே காணாமல் போனார்கள். ஆய்வகங்கள் சரியாகத்தான் அனுப்பியிருந்தன. நடுவில் யாரோ பழைய வகை எக்செல் கோப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. எத்தனை நர்ஸுகளுக்கு மறுபயிற்சி கொடுத்தாலும் அந்த வரிகள் திரும்பி வராது.

சரி, பணியாளர்களை ஒதுக்கிவிட்டே கண்காணித்தால் என்ன என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டார்கள். 2008ல் கூகுள், மக்கள் தேடும் சொற்களை வைத்தே ஃப்ளூ பரவலைச் சொல்லிவிடுவோம் என்று ஒரு சேவையைத் தொடங்கியது. பிரமாதமாகப் பேசப்பட்டது. 2012-13 குளிர்காலத்தில் அது சொன்ன அளவு, மருத்துவர்கள் வழியாக வந்த கணக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2015ல் வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். அது சரியா தப்பா என்று சரிபார்த்ததே, அலுப்பு பாராமல் வாராவாரம் அறிக்கை அனுப்பிய மருத்துவர்களின் எண்களை வைத்துத்தான். அதை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

இந்த இழுபறி கணினியோடு வந்ததுமல்ல. 17ம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் சாவுப் பட்டியல் அச்சாகும். யார் எதனால் செத்தார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொன்னவர்கள் வயதான ஏழைப் பெண்கள். உடல் ஒன்றுக்கு இவ்வளவு என்று சில்லறைக் கூலி. 1662ல் ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி அந்தப் பட்டியல்களை உட்கார்ந்து அலசினார். நோய்ப் புள்ளிவிவரம் என்ற துறையே அங்கேதான் தொடங்குகிறது என்பார்கள். அவர் கவனித்த ஒன்று: பால்வினை நோயில் செத்தவர்களை அந்தப் பெண்கள் ‘இளைப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள், கையில் கொஞ்சம் கூடுதலாகக் காசும் குடிக்கக் கொஞ்சம் பானமும் கிடைத்தால். ஒரு குடும்பத்தின் மானம் காப்பாற்றப்பட்டது, பட்டியலில் ஓர் எண் இடம் மாறியது. வீட்டில் பிளேக் என்று எழுதினால் கதவைப் பூட்டி எல்லோரையும் உள்ளேயே வைத்துவிடுவார்கள். அந்தச் சொல்லை எழுதும் கிழவியின் கை எப்படி நடுங்கியிருக்கும்? எனக்கு 9.10 சிஸ்டரின் ஞாபகம்தான் வந்தது. எழுதுகிற எண்ணுக்குப் பின்விளைவு உண்டு என்பதை மேலே இருப்பவர்களைவிட எழுதுகிறவர்தான் முதலில் உணர்கிறார்.

மருத்துவர்களும் லேசில் வழிக்கு வரவில்லை. 1889ல் இங்கிலாந்தில் தொற்றுநோய்களை அறிவிக்கும் சட்டம் வந்தபோது அறிவிக்கும் மருத்துவருக்குக் கட்டணமும் சேர்த்தே வந்தது: தன் சொந்த நோயாளியானால் 2 ஷில்லிங் 6 பென்ஸ், பொது நிறுவனத்து நோயாளியானால் 1 ஷில்லிங். அறிவிப்பது உழைப்பு, உழைப்புக்குக் கூலி உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டது. இன்றைக்கு அதைப் ‘பணியாளரின் கடமை’ என்று சொல்லி இலவசமாக வாங்கிக்கொள்கிறோம்.

நான் அதிகம் யோசித்தது நியூயார்க் நகரச் சுகாதார அதிகாரி ஹெர்மன் பிக்ஸ் பற்றி. 1890களில் காசநோயாளிகளை நகரச் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். தனியார் மருத்துவர்களை முதலில் கேட்டுக்கொள்ள மட்டுமே செய்தார், 1897ல்தான் எல்லோருக்கும் கட்டாயமாக்கினார். மருத்துவச் சங்கங்கள் கொதித்தன. நோயாளியின் அந்தரங்கம் போய்விடும், முத்திரை குத்திவிடுவீர்கள், எங்களுக்கும் நோயாளிக்கும் நடுவே நீங்கள் யார் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளை இன்றும் தள்ளிவிட முடியாது. ஆனால் பிக்ஸ் சட்டத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. நகராட்சி ஆய்வகம் சளி மாதிரியை இலவசமாகச் சோதித்து முடிவை மருத்துவருக்குச் சொல்லும். மாதிரியோடு நோயாளியின் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நுண்ணோக்கியும் பயிற்சியும் இல்லாத மருத்துவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! தன் நோயாளிக்குக் காசமா இல்லையா என்ற பதில் தேவைப்பட்டதால் அனுப்பினார், அறிவிப்பு அதன் முதுகில் ஏறி வந்து சேர்ந்தது. ‘ஏற்பு’ என்ற சொல்லை அவர் ஒருமுறையாவது பயன்படுத்தியிருப்பாரா தெரியாது.

பிரான்ஸில் 1984ல் பொது மருத்துவர்களை வைத்து ஒரு கண்காணிப்பு வலை தொடங்கினார்கள். இணையம் வீட்டுக்கு வராத காலம். மினிடெல் என்ற தொலைபேசி முனையம் வழியாக மருத்துவர்கள் தாமே எண்களைத் தட்டினார்கள். சேர்ந்தவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். அதே முனையத்தில் தன் வட்டாரத்திலும் நாட்டிலும் ஃப்ளூ எங்கே நிற்கிறது என்று அவர்களும் பார்க்க முடிந்தது. நாற்பது வருடம் தாண்டியும் அந்த வலை உயிரோடு இருக்கிறது. எங்களுடைய மென்பொருளில் அந்த சிஸ்டர் உள்ளே போனால் அவருக்குத் தெரிவது ஒரே பொத்தான், ‘சமர்ப்பி’. வரைபடங்களைப் பார்க்கும் அனுமதி அவருடைய லாகினுக்குக் கிடையாது. பாதுகாப்புக் காரணம் என்று நானேதான் அப்படி அமைத்திருந்தேன். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்று அவர் திங்கள் காலை 9.10க்கு ஊதிவைத்தார்.

ஒரு மரணத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து லாகோஸுக்கு வந்த ஒரு பயணி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதலில் மலேரியா என்றுதான் நினைத்தார்கள். அமேயோ ஸ்டெல்லா அடாதேவோ என்ற மூத்த மருத்துவர் அவரைப் பார்த்துவிட்டு எபோலாவாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அவர் அதற்கு முன் ஓர் எபோலா நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. அதிகாரிகளுக்குச் சொன்னார். முடிவு வரும்வரை அனுப்ப மாட்டேன் என்று, வெளியே விடச் சொல்லி வந்த நெருக்கடிகளை மீறி, நோயாளியை நிறுத்திவைத்தார். ஒரு மாபெரும் நகரத்துக்குள் எபோலா இறங்கியும் நைஜீரியாவில் மொத்தம் 20 நோயாளிகள், 8 சாவுகளோடு நின்றது. அந்த எட்டில் ஒருவர் அவர். ஆகஸ்ட் 19ம் தேதி இறந்தார்.

இதை வீரக் கதையாகச் சொல்வார்கள், வீரம்தான். எனக்கு உறுத்துவது வேறு. அவர் சொன்னபோது அது சந்தேகம் மட்டுமே. மலேரியாவாகவே முடிந்திருந்தால்? ‘ஏன் ஊரைக் கலக்கினீர்கள், விளக்கம் எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்கும் இடத்தில் எத்தனை பேர் அந்தப் போனைப் போடுவார்கள்?

படிவத்துக்கு வெளியே வந்த இன்னொரு செய்தி 1981ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் நடந்தது. அரிதான சில மருந்துகளை அங்கிருந்துதான் மருத்துவர்கள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பங்களைக் கவனித்துவந்த சாண்ட்ரா ஃபோர்ட் என்ற ஊழியர், பென்டமிடின் என்ற மருந்தை வழக்கத்துக்கு மாறாகக் கேட்கிறார்கள், நோயாளிகளுக்கு ஏன் எதிர்ப்புச் சக்தி போனது என்றும் தெரியவில்லை என்று கண்டு மேலதிகாரிக்குக் குறிப்பெழுதினார். அந்த ஜூன் 5ம் தேதி அம்மையத்தின் வார இதழில் லாஸ் ஏஞ்சலஸின் ஐந்து இளைஞர்களைப் பற்றிய குறிப்பு வந்தது. எய்ட்ஸைப் பற்றி உலகம் படித்த முதல் பக்கம் அது. அவருடைய வேலை மருந்து அனுப்புவது. கண்காணிப்பு அவருடைய வேலைப் பட்டியலில் இருந்ததோ இல்லையோ, யோசித்ததை எழுதினார், எழுதியதை ஒருவர் படித்தார்.

என் கதையின் மிச்சம் அவ்வளவு கம்பீரமானதல்ல. நாங்கள் பயன்படுத்தியது டிஎச்ஐஎஸ்-2 வகையறா. தென்னாப்பிரிக்காவில் 1990களில் நிறவெறி ஆட்சி முடிந்த கையோடு முளைத்து, பிறகு ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் இன்று 70க்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடும் இலவச மென்பொருள். அதில் கட்டங்களை மாற்றப் புரோகிராமர் தேவையில்லை, மேலிடத்தின் அனுமதி மட்டும் போதும். அது கிடைக்க இரண்டு மாதம். பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டு அதனிடத்தில் இரண்டு தேர்வுகளை வைத்தேன்: ‘பார்த்தேன், யாரும் இல்லை’, ‘பார்க்க முடியவில்லை’. இரண்டாவதை அழுத்தினாலும் பச்சைதான் என்று எல்லா நிலையத்துக்கும் போன் போட்டுச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. மூன்றாவது வாரம் ஒருத்தர் துணிந்தார். ஐந்தாவது வாரம் நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கு ‘பார்க்க முடியவில்லை’ என்றது.

“ஏற்பு இறங்கிடுச்சே?” என்றார் மேலதிகாரி.

“இல்ல சார், இப்பத்தான் ஏற ஆரம்பிச்சிருக்கு” என்றேன். இதை அவருடைய மேலதிகாரிக்கு ஸ்லைடில் எப்படிக் காட்டுவது என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான். பழைய ஸ்லைடையே இன்னும் இரண்டு காலாண்டு ஓட்டினார்கள்.

கடைசியில் அந்த மூன்று ரத்த மாதிரிகள். அவற்றை அனுப்பிய தேதியை சிஸ்டரின் நோட்டிலிருந்து குறித்துவந்திருந்தேன். ஆய்வகத்தில் கேட்டால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. எடுத்திருக்கிறார்கள், சோதித்திருக்கிறார்கள், ஆறாவது நாளே முடிவையும் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் எனக்கு முன் இதே நாற்காலியில் இருந்தவரின் மின்னஞ்சலுக்கு. அவர் மாறிப்போனபின் அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. திறந்து பார்த்தோம். 400க்கும் மேற்பட்ட முடிவுகள் படிக்கப்படாமல் கிடந்தன.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். ஒரு வருடத்துக்கு முந்தைய விஷயம், இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கூச்சமாகவும் இருந்தது. மூன்றில் இரண்டு ஹெபடைடிஸ் ஏ, ஒன்றில் எதுவும் இல்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு இழுப்பறை திறக்கும் சத்தம், தாள் புரளும் சத்தம்.

“இருங்க தம்பி, எழுதிக்கறேன். எந்த வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லைன்னீங்க?”